மண் எண்ணெய் மன்னர் ராக்பெல்லர்

1911-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், சுப்ரீம் கோர்ட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பத்திரிகை நிருபர்கள் பென்சிலும் கையுமாக நின்றார்கள்.

தலைமை நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். அமெரிக்காவின் எண்ணெய் வியாபாரத்தையே கைக்குள் வைத்திருந்த ஒரு கம்பெனியை உடைக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. 6 மாதம் கெடு. அதற்குள் அந்த ஒரே கம்பெனி 34 கம்பெனிகளாகச் சிதறியது.

அந்தக் கம்பெனி கலப்படச் சரக்கு விற்கவில்லை. அளவில் மோசம் செய்யவில்லை. அது விற்ற மண் எண்ணெயின் விலை 30 ஆண்டுகளில் பெரும்பாலும் குறைந்துதான் வந்தது. பிறகு ஏன் உடைத்தார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் கம்பெனியைக் கட்டி எழுப்பியவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஜான் டி. ராக்பெல்லர். ஒரு காலத்தில், உலகத்திலேயே பெரிய பணக்காரர் யார் என்று கேட்டால், சின்னக் குழந்தைகூட அவர் பெயரைத்தான் சொல்லும்.

மருந்து வியாபாரி மகன்

நியூயார்க் மாநிலத்தில் ரிச்போர்டு என்று ஒரு சிற்றூர். அங்கே 1839-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி ராக்பெல்லர் பிறந்தார்.

தந்தை ஊர் ஊராகப் போய் மருந்து விற்பவர். படிக்காமலே டாக்டர் என்று சொல்லிக்கொள்வார். புற்றுநோயையே தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வார். மாதக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். திடீரென்று ஒரு நாள், புதுக் குதிரையும் பை நிறையப் பணமுமாக வந்து நிற்பார். வேறு ஊரில், வேறு பெயரில், இன்னொரு பெண்ணையும் அவர் மணந்துகொண்டது பிற்பாடுதான் வெளியே தெரிந்தது.

தாய் எலிசா அதற்கு நேர் மாறானவர். தெய்வ பக்தி உள்ளவர். கண்டிப்பானவர். கணவன் எப்போது வருவான் என்று தெரியாத வீட்டில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். கடைக்காரனிடம் கடன் வாங்கினாலும், ஒரு காசைக்கூட வீணாக்க மாட்டார். ராக்பெல்லருக்குச் சிக்கனம் தாயிடம் இருந்து வந்தது. வியாபார சாமர்த்தியம் தந்தையிடம் இருந்து வந்தது என்று சொல்வார்கள்.

சிறுவனாக இருந்தபோதே ராக்பெல்லர் வான்கோழி வளர்த்து விற்றார். சேர்ந்த பணத்தில் 50 டாலரைப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தார். வட்டி நூற்றுக்கு 7. ஆண்டு முடிவில் மூன்றரை டாலர் வட்டி வந்தது.

அதே சமயம் இன்னொரு தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும் வேலைக்கும் போனார். நாள் முழுவதும் 10 மணி நேரம் குனிந்து தோண்டினால் கூலி 37½ சென்ட். அதாவது, 9 நாள் முதுகு ஒடிய வேலை செய்தால் கிடைக்கும் பணம், சும்மா இருந்த 50 டாலருக்கு வட்டியாக வந்துவிட்டது. அந்தக் கணக்கை அந்தப் பையன் சாகும்வரை மறக்கவில்லை.

வேலை கிடைத்த நாள்

குடும்பம் ஒகையோ மாநிலத்துக்குக் குடிபோயிற்று. அங்கே கிளீவ்லாந்து நகரில் ராக்பெல்லர் கணக்கு எழுதும் படிப்புப் படித்தார். 16 வயதில் வேலை தேடிப் புறப்பட்டார்.

வெயில் காலம். கறுப்பு கோட்டு. காலையில் புறப்பட்டால் மாலை வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். எல்லா இடத்திலும் இல்லை என்ற பதில்தான். பட்டியல் முடிந்ததும் மறுபடி முதல் கம்பெனியில் இருந்து ஆரம்பிப்பார். இப்படி 6 வாரம் அலைந்தார்.

1855-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஒரு தானிய மண்டியில் உதவிக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. சம்பளம் எவ்வளவு என்றுகூட அவர் கேட்கவில்லை. 3 மாதம் கழித்து மொத்தமாக 50 டாலர் கொடுத்தார்கள்.

பிற்காலத்தில் கோடீசுவரர் ஆனபிறகும், பிறந்த நாளைவிட இந்த செப்டம்பர் 26-ந் தேதியைத்தான் அவர் பெரிதாகக் கொண்டாடினார். அன்று அவர் மாளிகையில் கொடி ஏற்றுவார்கள்!

சின்னக் கணக்கு நோட்டு ஒன்றும் வைத்திருந்தார். வரவு, செலவு, மாதா கோவிலுக்குப் போட்ட காணிக்கை எல்லாம் சென்ட் கணக்கில் அதில் இருக்கும். அந்தப் பழைய நோட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1859-ல் சொந்த வியாபாரம் தொடங்கினார். மோரிஸ் கிளார்க் என்பவர் கூட்டாளி. தன் பங்கு முதலுக்கு 1,000 டாலர் குறைந்தது. தந்தையிடம் கேட்டார். தந்தை கொடுத்தார். ஆனால் சும்மா அல்ல. பெற்ற மகனிடமே நூற்றுக்கு 10 வட்டி!

பூமிக்குள் புதையல்

அதே 1859-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் கண்டுபிடித்தார். ஆழம் 70 அடிகூட இல்லை.

அதுவரை அமெரிக்காவில் வசதி உள்ளவர்கள் திமிங்கல எண்ணெயில் விளக்கு எரித்தார்கள். ஏழைகள் இருட்டியதும் படுத்துவிடுவார்கள். பூமியில் இருந்து எடுத்த எண்ணெயைச் சுத்தம் செய்தால் மண் எண்ணெய் கிடைக்கும் என்று தெரிந்ததும், டைட்டஸ்வில் பக்கம் ஜனங்கள் ஓடினார்கள். காடெல்லாம் கிணறு தோண்டினார்கள். ஒருவன் ஒரே நாளில் பணக்காரன் ஆவான். அடுத்த மாதம் எண்ணெய் விலை விழுந்து பிச்சைக்காரன் ஆவான்.

ராக்பெல்லர் கிணறு தோண்டப் போகவில்லை. எண்ணெய் எங்கே கிடைத்தாலும், அதைச் சுத்தம் செய்ய ஒருவரிடம் வந்துதானே ஆகவேண்டும் என்று யோசித்தார். 1863-ல் கூட்டாளிகளோடு சுத்திகரிப்பு ஆலை வைத்தார்.

2 ஆண்டில் கூட்டாளிகளுக்குள் தகராறு. ஆலையைத் தங்களுக்குள் ஏலம் போட்டுக்கொண்டார்கள். ஏலம் 500 டாலரில் தொடங்கியது. ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் 72 ஆயிரத்து 500 டாலர் என்றார் ராக்பெல்லர். கிளார்க் கையை விரித்துவிட்டார். அப்போது ராக்பெல்லருக்கு வயது 25.

39 சொட்டு

அந்தக் காலத்தில் மண் எண்ணெய் வாங்குவது ஆபத்தான காரியம். சரியாகச் சுத்தம் செய்யாத எண்ணெய் விளக்கிலேயே வெடிக்கும். பல வீடுகள் எரிந்தன. எங்கே வாங்கினாலும் ஒரே தரம் என்று ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, ராக்பெல்லர் தன் கம்பெனிக்கு 'ஸ்டாண்டர்டு ஆயில்' என்று பெயர் வைத்தார். 1870-ம் ஆண்டு ஜனவரியில் அது 10 லட்சம் டாலர் மூலதனத்தில் தொடங்கியது.

வீண் செலவு என்றால் அவருக்கு ஆகாது. பீப்பாய்களை வெளியே வாங்காமல், சொந்தமாக மரம் வாங்கிக் காயவைத்துச் செய்தார். இரண்டரை டாலர் ஆன பீப்பாய், ஒரு டாலருக்கும் குறைந்த செலவில் கிடைத்தது.

ஒரு நாள், எண்ணெய் டின்களுக்கு ஈயப்பற்று வைக்கும் இடத்தில் நின்று பார்த்தார். ஒரு டின்னை மூட 40 சொட்டு ஈயம் விட்டார்கள். 38 சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். சில டின்கள் ஒழுகின. 39 சொட்டு விட்டார்கள். ஒன்றுகூட ஒழுகவில்லை. அன்று முதல் 39 சொட்டுதான். டின்னுக்கு ஒரு சொட்டு மிச்சம் என்றால், கோடிக்கணக்கான டின்னுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட டின்கள் கப்பல் ஏறி ஆசியா முழுவதும் வந்தன. நம் நாட்டுக்கும் வந்தன. எண்ணெய் தீர்ந்ததும், அந்த டின்னுக்குக் கைப்பிடி அடித்துத் தண்ணீர் சுமக்காத தெரு உண்டா?

இந்தத் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. இதனால்தான் மண் எண்ணெய் மலிந்தது. 1870-ல் ஒரு காலன் 26 சென்ட் விற்றது. 20 ஆண்டுக்குள் 10 சென்ட்டுக்கும் கீழே வந்தது. குடிசையிலும் விளக்கு எரிந்தது.

ஆனால் ராக்பெல்லர் இதோடு நிற்கவில்லை.

ரகசிய ஒப்பந்தம்

உங்கள் ஊரில் 2 வெல்ல வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே ரெயிலில் சென்னைக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். மூட்டைக்கு 2 ரூபாய் கட்டணம் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறது.

முதல் வியாபாரி 2 ரூபாய் கட்டுகிறார். இரண்டாவது வியாபாரியும் 2 ரூபாய் கட்டுகிறார். ஆனால் இரவில், பின் வாசல் வழியாக, அவருக்கு ஒரு ரூபாய் திரும்பி வந்துவிடுகிறது. அதுமட்டும் அல்ல. முதல் வியாபாரி கட்டிய 2 ரூபாயிலும் ஒரு ரூபாய் இவருடைய பெட்டிக்கே போகிறது! முதல் வியாபாரி எவ்வளவு அதிகமாகச் சரக்கு அனுப்புகிறாரோ, அவ்வளவுக்கு எதிராளி பணக்காரன் ஆகிறான். அவர் என்ன சாமர்த்தியசாலியாக இருந்து என்ன பயன்?

1872-ல் ராக்பெல்லரும் வேறு சில ஆலை முதலாளிகளும், 3 பெரிய ரெயில்வே கம்பெனிகளும் சேர்ந்து, ஏறக்குறைய இப்படித்தான் ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்தார்கள். எதிராளி யாருக்கு, எவ்வளவு சரக்கு அனுப்புகிறான் என்ற விவரத்தையும் ரெயில்வே சொல்லிவிட வேண்டும் என்று அதில் இருந்தது.

ரகசியம் வெளியே கசிந்தது. எண்ணெய்க் கிணறுகள் இருந்த ஊர்களில் கட்டணம் திடீரென்று இரட்டிப்பானது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். இரவில் தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போனார்கள். இனி அந்தக் கூட்டத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விற்கமாட்டோம் என்று கட்டுப்பாடு செய்தார்கள். பென்சில்வேனியா சட்டசபை அந்த ஒப்பந்தக் கம்பெனியின் உரிமையை ரத்து செய்தது. ஒப்பந்தம் அமுலுக்கு வராமலே செத்தது.

ஆனால் அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. கிளீவ்லாந்து நகரில் இருந்த மற்ற ஆலைக்காரர்களை ராக்பெல்லர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். போட்டி போட்டுப் பயன் இல்லை, ஆலையைக் கொடுத்துவிட்டுப் பணமோ பங்கோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று சாந்தமாகச் சொன்னார். சில வாரங்களில் 26 ஆலைகளில் 22 அவர் கைக்கு வந்தன.

பங்கு வாங்கியவர்கள் பிற்பாடு பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். பணம் வாங்கியவர்கள் வாழ்நாள் எல்லாம் வயிறு எரிந்தார்கள்.

சொந்தத் தம்பி பிராங்கும் ஒரு போட்டி ஆலையில் பங்குதாரர். அண்ணன் மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கடைசிவரை தணியவில்லை. குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருந்த தன் 2 குழந்தைகளின் உடல்களைத் தோண்டி எடுத்து, வேறு இடத்தில் புதைத்தார். அண்ணனுடைய மண்ணில் அவை கிடக்கக்கூடாதாம்!

மலை தாண்டிய குழாய்

1879-ல் அமெரிக்காவில் சுத்தம் செய்யப்பட்ட எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியுடையது.

ரெயில் பாதை எல்லாம் ராக்பெல்லர் பக்கம். தனி வியாபாரிகள் என்ன செய்வார்கள்? ரெயிலே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மலைத் தொடரைத் தாண்டி, 100 மைலுக்கு மேல் இரும்புக் குழாய் பதித்தார்கள். எண்ணெய் மலை ஏறாது என்று பலர் கேலி செய்தார்கள். 1879-ம் ஆண்டு கோடையில் அது மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

ராக்பெல்லர் அசந்துபோனார். ஆனால் சோர்ந்துபோகவில்லை. தானும் குழாய்களைப் பதித்தார். எதிராளிகளின் குழாய்க் கம்பெனியில் பங்குகளை வாங்கினார். 1883-ல், இவ்வளவு எண்ணெய் உனக்கு, இவ்வளவு எனக்கு என்று அதோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அத்தோடு அந்தப் போட்டியும் அடங்கியது.

இன்னும் சில வழிகளும் இருந்தன. ஓர் ஊரில் புதிதாக ஒருவன் எண்ணெய் விற்க வந்தால், அந்த ஊரில் மட்டும் விலையைக் குறைப்பார்கள். அவன் கடையை மூடியதும், விலை பழையபடி ஏறும். வெளியே எதிராளி போலவும் உள்ளே தங்களுடையதாகவும் இருக்கும் பினாமிக் கம்பெனிகளும் உண்டு. ஸ்டாண்டர்டு ஆயில் மேல் கோபம் கொண்டவர்கள், அது தெரியாமல் அங்கே போய் எண்ணெய் வாங்குவார்கள்.

புத்தகக் கடையில் கிடைத்த துப்பு

ஒகையோ மாநிலச் சட்டப்படி, அங்கே பதிவான கம்பெனி வெளி மாநிலக் கம்பெனிகளில் பங்கு வைத்துக்கொள்ளக்கூடாது. இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 1882-ல் சுமார் 40 கம்பெனிகளின் பங்குகளை எல்லாம் 9 தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்தார்கள். பெயருக்கு 40 கம்பெனி. ஆட்டி வைப்பது 9 பேர். அந்த 9 பேருக்கும் தலைவர் ராக்பெல்லர். இதற்கு 'டிரஸ்டு' என்று பெயர். கோவில் டிரஸ்டு, தர்ம டிரஸ்டு என்று நாம் சொல்லும் அதே வார்த்தைதான். அமெரிக்காவில் அது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது.

ஒகையோ அரசாங்க வக்கீல் வாட்சன் என்பவர் ஒரு நாள் புத்தகக் கடைக்குப் போனார். டிரஸ்டுகளைப் பற்றிய ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. புரட்டினார். அதன் பின்பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் டிரஸ்டு பத்திரம் அப்படியே அச்சாகி இருந்தது! அவர் 1890-ல் வழக்குப் போட்டார். விட்டுவிடும்படி பெரிய மனிதர்கள் நெருக்கினார்கள். அவர் அசையவில்லை. 1892-ல் டிரஸ்டு செல்லாது என்று ஒகையோ கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதே 1890-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் செனட்டர் ஜான் ஷெர்மன். அவரும் ஒகையோக்காரர்தான்! வியாபாரத்தைத் தடுக்கும் கூட்டுச் சதி குற்றம், ஒரு தொழிலை ஒருவரே வளைத்துக்கொள்ள முயல்வதும் குற்றம் என்றது அந்தச் சட்டம். செனட் சபையில் ஆதரவு 51. எதிர்ப்பு 1.

சட்டம் வந்தது. ஆனால் தூங்கியது. 1895-ல் சர்க்கரை ஆலைக் கூட்டுக்கு எதிராகப் போட்ட வழக்கில், சர்க்கார் தோற்றது. ராக்பெல்லரின் கம்பெனியோ, சட்டம் தளர்ச்சியாக இருந்த நியூஜெர்சி மாநிலத்துக்குப் பெட்டி படுக்கையோடு போய், அங்கே ஒரே தாய்க் கம்பெனியாக உட்கார்ந்துகொண்டது. சட்டப் புத்தகத்தில் மை காய்ந்து 16 ஆண்டு ஆனபிறகுதான் ஸ்டாண்டர்டு ஆயில் மேல் மத்திய சர்க்கார் கை வைத்தது. ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டத்தால் யாருக்கு என்ன பயம்?

பேனா பிடித்த பெண்

1872-ல் தீப்பந்த ஊர்வலம் போனவர்களில் பிராங்க்ளின் டார்பெல் என்று ஒருவர். எண்ணெய் ஊற்றும் மரத்தொட்டிகள் செய்து பிழைத்தவர். அவருக்கு 14 வயதில் ஒரு மகள். பெயர் ஐடா.

தந்தை முகத்தில் சிரிப்பு மறைந்ததை அந்தப் பெண் பார்த்தாள். தொழிலில் நொடித்துப்போன தந்தையின் கூட்டாளி, தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் பட்ட கடன் தந்தை தலையில் விழுந்தது. வீட்டை அடகு வைத்தார்கள்.

30 ஆண்டு கழிந்தது. ஐடா டார்பெல் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார். ஸ்டாண்டர்டு ஆயிலின் கதையை எழுதும்படி, 'மக்ளூர்ஸ்' என்ற மாதப் பத்திரிகை கேட்டது. வேண்டாம் அம்மா, பத்திரிகையையே நாசம் செய்துவிடுவார்கள் என்று தந்தை பயந்தார். ஐடா கேட்கவில்லை.

அவர் ஒன்றும் திட்டி எழுதவில்லை. கோர்ட்டு ரிக்கார்டு, விசாரணைக் கமிட்டி அறிக்கை, பழைய பத்திரிகை எல்லாவற்றையும் தேடிப் படித்தார். ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி அதிகாரி ஒருவரையே பல முறை சந்தித்துக் கேள்வி கேட்டார்.

அப்போது அவருக்கு ஒரு கத்தைக் காகிதம் கிடைத்தது. அது கிடைத்த விதம் வேடிக்கையானது. கம்பெனி ஆபீசில் வேண்டாத காகிதங்களை எரிப்பது ஒரு பையனின் வேலை. ஒரு நாள் எரிக்கும்போது, தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டது. மாதா கோவில் ஞாயிறு வகுப்பில் அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் பெயர்! அந்த ஆசிரியர் தனியாக எண்ணெய் ஆலை நடத்தியவர். அவர் எந்த ஊருக்கு, எத்தனை பீப்பாய் அனுப்பினார் என்று, ரெயில்வே குமாஸ்தாக்கள் ரகசியமாக ஸ்டாண்டர்டு ஆயிலுக்குக் கொடுத்த கணக்கு அது. பையன் அதை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் கொடுத்தான். அது சுற்றிச் சுற்றி ஐடாவிடம் வந்தது.

1902 நவம்பரில் தொடங்கிய தொடர் 1904 வரை வந்தது. அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் ஒவ்வொரு மாதமும் காத்திருந்து படித்தார்கள். கம்பெனி பெரியது என்பதற்காக ஐடா கோபப்படவில்லை. ராக்பெல்லரின் திறமையை மனம்விட்டுப் பாராட்டினார். ஆட்டத்தை நேர்மையாக ஆடவில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

ராக்பெல்லர் பதில் சொல்லவில்லை. அந்தச் சமயம் அவர் நோயாளி. 1901-ல் ஒரு வியாதி வந்து, தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. 'விக்' வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய வறண்ட முகத்தைப் பத்திரிகைகள் கேலிச் சித்திரமாகப் போட்டன. ஞாயிறுதோறும் தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் பக்தர், மதுவைத் தொடாதவர், நல்ல தகப்பன். ஊரே தன்னை ஏன் திட்டுகிறது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கண்மூடித்தனமான போட்டியால் எல்லோரும் அழிந்துகொண்டிருந்த தொழிலை, தான் காப்பாற்றியதாகவே அவர் மனமார நம்பினார்.

ஜனாதிபதி எடுத்த சாட்டை

1901-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். தூங்கிக்கிடந்த ஷெர்மன் சட்டத்தை எழுப்பியவர் அவர்தான். முதலில் ஒரு பெரிய ரெயில்வே கூட்டின் மேல் வழக்குப் போட்டு, 1904-ல் ஜெயித்தார். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, கம்பெனிகளின் கணக்கைப் பார்க்க ஒரு தனி இலாகா அமைத்தார். ஸ்டாண்டர்டு ஆயிலுக்கு ரெயில்வேக்கள் ரகசியச் சலுகை கொடுப்பது இன்னும் நிற்கவில்லை என்று அந்த இலாகா 1906-ல் அறிக்கை விட்டது.

அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. எண்ணெய்க் குழாய் யாருடையதாக இருந்தாலும் சரி, கட்டணம் கொடுத்தால் எல்லோருடைய எண்ணெயையும் அதில் அனுப்ப வேண்டும். ரெயில் மாதிரி, குழாயும் பொதுப் பாதை.

1906 நவம்பர் 15-ந் தேதி, ஸ்டாண்டர்டு ஆயிலை உடைக்கச் சொல்லி, செயின்ட் லூயிஸ் நகரக் கோர்ட்டில் சர்க்கார் வழக்குத் தாக்கல் செய்தது. சாட்சிகள் 400 பேருக்கு மேல். வழக்குக் கட்டு 14 ஆயிரம் பக்கத்துக்கு மேல்!

இதற்கு நடுவில் இன்னொரு வழக்கு. ரகசியக் கட்டணச் சலுகை பெற்ற குற்றத்துக்காக, கம்பெனியின் ஒரு கிளைக்கு ஒரு நீதிபதி 1907-ல் அபராதம் போட்டார். எவ்வளவு தெரியுமா? 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! தந்தி வந்தபோது, ராக்பெல்லர் கோல்ப் பந்து ஆடிக்கொண்டிருந்தார். படித்தார். மடித்து வைத்தார். மறுபடி ஆடத் தொடங்கினார். அவர் அலட்சியம் வீண்போகவில்லை. மறு ஆண்டு மேல் கோர்ட்டு அந்த அபராதத்தைத் தள்ளிவிட்டது.

ஆனால் பெரிய வழக்கு தள்ளிப்போகவில்லை. கூண்டில் ஏறிய ராக்பெல்லர், மறதிக்காரக் கிழவர் போலச் சாந்தமாகப் பதில் சொன்னார். 1909-ல் செயின்ட் லூயிஸ் கோர்ட்டு கம்பெனியை உடைக்கச் சொன்னது. கம்பெனி அப்பீல் செய்தது. அதற்குத்தான் 1911-ல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு சொன்னது.

பெரிதாக இருப்பது குற்றம் அல்ல; மற்றவர்கள் வரும் வழியை அடைத்தது குற்றம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

உடைந்தபின் நடந்த அதிசயம்

தீர்ப்பு வந்த அன்றும் ராக்பெல்லர் கோல்ப் மைதானத்தில்தான் இருந்தார். உடன் ஆடிய பாதிரியாரிடம், கையில் பணம் இருந்தால் ஸ்டாண்டர்டு ஆயில் பங்குகளை வாங்கிப் போடும்படி யோசனை சொன்னாராம்.

யோசனை பலித்தது! 34 கம்பெனிகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மோட்டார் கார் பெருகிக்கொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குக் கிராக்கி. பங்கு விலைகள் கிடுகிடு என்று ஏறின. கம்பெனியை உடைத்ததால் ராக்பெல்லர் முன்னைவிடப் பெரிய பணக்காரர் ஆனார். 1913-ல் அவர் சொத்து 90 கோடி டாலர்.

அப்படியானால் சர்க்கார் பட்ட பாடெல்லாம் வீண்தானா? அப்போதும் பலர் அப்படித்தான் சிரித்தார்கள். பழைய பங்குதாரர்களே 34 கம்பெனிக்கும் சொந்தக்காரர்களாக இருந்ததால், முதல் சில ஆண்டு அவை ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளக்கூட இல்லை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 1901-ல் பீறிட்ட எண்ணெயால் புதுக் கம்பெனிகள் முளைத்து, ராக்பெல்லரின் பிடி ஏற்கனவே தளர்ந்துகொண்டும் இருந்தது.

ஆனால் பர்ட்டன் கதையைக் கேளுங்கள். வில்லியம் பர்ட்டன் ஒரு ரசாயன நிபுணர். ஸ்டாண்டர்டு ஆயிலின் இண்டியானா கிளையில் வேலை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயில் கிடைக்கும் பெட்ரோலை ஏறக்குறைய இரு மடங்கு ஆக்க ஒரு வழி கண்டார். அழுத்தத்தில் வைத்துக் காய்ச்ச வேண்டும். அதற்கு 10 லட்சம் டாலர் கேட்டார். நியூயார்க்கில் இருந்த தலைமை ஆபீஸ் மறுத்துவிட்டது. கொதிகலன் வெடித்தால் என்ன ஆவது என்று பயம். போட்டி இல்லாதவனுக்குப் புதுசு எதற்கு?

1911-ல் இண்டியானா கம்பெனி தனியாகப் பிரிந்தது. கேட்க ஆள் இல்லை. சொந்தக் காலில் நின்றாக வேண்டும். பர்ட்டன் கேட்ட பணத்தை உடனே கொடுத்தார்கள். 1913-ல் அந்த முறை வேலை செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் கார்கள் ஓடப் பெட்ரோல் கிடைத்தது.

கவனித்துப் பாருங்கள். சர்க்கார் எண்ணெய்க் கடை வைக்கவில்லை. இன்ன விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று உத்தரவு போடவில்லை. அடைத்திருந்த கதவைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான். 1914-ல் இந்த வேலையை ஓயாமல் பார்ப்பதற்கென்றே, மத்திய வர்த்தகக் கமிஷன் என்ற அமைப்பு ஏற்பட்டது. எதிராளியை ஒழிப்பதற்காக ஓர் ஊரில் மட்டும் விலையைக் குறைக்கும் தந்திரத்துக்கும் அதே ஆண்டு சட்டத்தில் தடை வந்தது.

கொடுத்த கை

ராக்பெல்லர் தன் வருமானத்தைத் தர்மத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். சிகாகோ சர்வகலாசாலை அவர் பணத்தில் எழுந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. 1913-ல் ராக்பெல்லர் பவுண்டேஷன் தொடங்கியது. 1916 முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்களைப் பிடித்திருந்த கொக்கிப் புழு நோயை ஒழிக்க, மருந்தும் ஆளும் அனுப்பியது அந்த ஸ்தாபனம்தான். வாழ்நாளில் அவர் கொடுத்தது 50 கோடி டாலருக்கு மேல்.

வயதான காலத்தில், வழியில் பார்க்கும் குழந்தைகளுக்கு எல்லாம் 10 சென்ட் காசு கொடுப்பார். அதையும் சேமித்து வைக்கும்படி புத்தி சொல்லித்தான் கொடுப்பார்!

100 வயது வாழ ஆசைப்பட்டார். 1937-ம் ஆண்டு மே 23-ந் தேதி, புளோரிடாவில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது வயது 97. ஐடா டார்பெல் 1944-ல் காலமானார்.

அவருடைய துண்டுகள் மட்டும் சாகவில்லை. நியூயார்க் துண்டும் நியூஜெர்சி துண்டும் சேர்ந்து ஆசியாவில் வியாபாரம் செய்த கம்பெனிதான், நம் நாட்டில் ஸ்டான்வாக் என்றும் பிறகு எஸ்ஸோ என்றும் பெட்ரோல் விற்றது. 1974-ல் இந்திய சர்க்கார் எஸ்ஸோவை எடுத்துக்கொண்டபோது, அது ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது.

1999-ல் அந்த இரண்டு துண்டுகளும் எக்ஸான், மோபில் என்ற பெயர்களோடு, மறுபடி ஒரே கம்பெனியாகச் சேர அனுமதி கேட்டு வந்து நின்றன. பழைய வழக்கின் நினைவாகப் பிறந்த அதே வர்த்தகக் கமிஷன் கணக்கைப் பார்த்தது. இரண்டு பேர் பெட்ரோல் பங்க்குகளும் எதிர் எதிரே இருந்த ஊர்களில், 2,400-க்கும் மேற்பட்ட பங்க்குகளை வேறு ஆட்களுக்கு விற்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. இரண்டும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது.